க்ரைசிஸ் கோர்: பிஎஸ்பியில் முதல் பத்து மணி நேரம், புதிதாக ஆடுகிறவர்களுக்கு

கானாடுகாத்தானில் எங்கள் அம்மான் வீட்டை வெள்ளையடிப்பதற்காக ஒதுக்கிக்கொண்டிருந்தோம். இரண்டாம் கட்டு அறையில், வெள்ளிச் சாமான் பெட்டகத்துக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே ஒரு பிஎஸ்பி-3000 (சோனியின் பழைய கையடக்க விளையாட்டுக் கருவி), கூடவே அதில் போடும் நான்கு ஆட்டத் தட்டுகள், யூஎம்டி என்பார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது அம்மான் வாங்கியது. நான்கில் ஒன்று க்ரைசிஸ் கோர்: ஃபைனல் ஃபேன்டஸி 7. அதைப் பார்த்ததும் அன்றைக்கு மீதி வேலை எனக்கு ஓடவில்லை.

1997-ல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7-ஐக் கல்லூரி நாட்களில் முழுக்க ஆடியிருக்கிறேன். அதற்கு முன்கதையாக, பிஎஸ்பிக்கென்றே செய்யப்பட்டது க்ரைசிஸ் கோர். ஜப்பானில் 2007 செப்டம்பரிலும் அமெரிக்காவில் 2008 மார்ச்சிலும் வெளியானது. இயக்கியவர் ஹஜிமே தபாட்டா. கையில் வைத்து ஆடி ஒரு மாதம் ஆகிறது. முதல் சில நாட்கள் நான் தடுமாறிய இடங்களில் அடுத்து வருகிறவர்களாவது தடுமாற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பிஎஸ்பியை இயக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பேட்டரியைப் பார்த்துவிட்டு மேலே போங்கள்

பல வருடம் பெட்டியில் கிடந்த பிஎஸ்பி என்றால் முதலில் பின்பக்க மூடியைத் திறந்து பேட்டரியை வெளியே எடுங்கள். மேசை மீது தட்டையாக வைத்துச் சுண்டிப் பாருங்கள். பம்பரம் மாதிரி சுழன்றால் அது உப்பியிருக்கிறது. சார்ஜ் போடவே கூடாது, மாற்றிவிடுங்கள். எங்களுடையது நன்றாகவே சுழன்றது. 2000, 3000 மாடல்களுக்கு 3.6 வோல்ட், 1200 எம்ஏஎச் பேட்டரி. அதைவிடப் பெரிய எண் போட்ட பேட்டரிகள் விற்கிறார்கள், பல நேரம் மூடி சரியாக உட்காராது. அளவான பேட்டரி போதும்.

சார்ஜர் 5 வோல்ட்டாக இருக்கட்டும். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில், உட்கார்ந்து ஆட ஆசைப்பட்டேன், ஆனால் வாசல் வெயில் ஆத்தங்குடிக் கல்லில் பட்டுத் திரும்பி வரும்போது திரையில் என் முகம்தான் தெரிகிறது. உச்ச வெளிச்சமோ சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும்தான் கிடைக்கும். பகலில் முகப்புத் திண்ணை நிழல்தான் சரியான இடம்.

படி 2: சேமிக்கும் கார்டு

பழைய மெமரி ஸ்டிக் ப்ரோ டுவோ எங்கள் பெட்டியில் இல்லை. இணையத்தில் ஒரு கடையில் 16 ஜிபி என்று போட்டிருந்ததை வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம். ஆறு மணி நேரம் ஆடிய பிறகு சேமிப்புக் கோப்பைத் திறந்தால், கெட்டுப்போன தரவு என்று வந்தது. போலிக் கார்டு. அட்டையில் போட்டிருந்த அளவில் கால்வாசிகூட உள்ளே இல்லை.

இப்போது நான் சொல்லும் வழி: மைக்ரோ எஸ்டி கார்டைச் செருகும் அடாப்டர் வாங்குங்கள், ஒரே ஒரு கார்டு போடும் வகையாகப் பார்த்து. கார்டைக் கணினியில் போட்டு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓடவிடுங்கள். கார்டு முழுக்க எழுதி, எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்த்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். நேரம் எடுக்கும், பரவாயில்லை. அதன்பின் பிஎஸ்பியின் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் போய் அங்கேயே ஃபார்மட் செய்யுங்கள். கணினியில் ஃபார்மட் செய்து கொண்டுவருவதைவிட இதைத்தான் நம்புகிறேன்.

வாரம் ஒருமுறை கார்டில் பிஎஸ்பி என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் சேவ்டேட்டாவைக் கணினிக்கு நகல் எடுத்துவிடுங்கள். அமெரிக்கப் பதிப்பு என்றால் யூஎல்யூஎஸ்10336 என்று தொடங்கும் ஃபோல்டர்தான் இந்த ஆட்டத்துடையது.

படி 3: தட்டு எந்த மொழி?

பிஎஸ்பி ஆட்டங்களுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, எந்த நாட்டுத் தட்டும் ஓடும். ஆனால் ஜப்பானியத் தட்டில் எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி. அமெரிக்க அல்லது ஐரோப்பியப் பதிப்பாகக் கேட்டு வாங்குங்கள். இந்த ஆட்டம் பிஎஸ்பிக்குத் தரவிறக்கமாக விற்கப்படவே இல்லை, தட்டுதான் ஒரே வழி.

படி 4: விரல்கள் பழகட்டும்

தொடங்கும்போது நார்மல், ஹார்டு என்று கேட்கும். முதல்முறை நார்மல்.

கதை ரயில் கூரையில் தொடங்குகிறது. ஜாக் ஃபேர், ஷின்ரா நிறுவனத்தின் சோல்ஜர் படையில் இரண்டாம் நிலை வீரன். ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் நிற்காத பையன். முதல் சண்டை வெறும் பயிற்சி என்பதால் பயமில்லாமல் பொத்தான்களை அழுத்திப் பழகலாம். எல், ஆர் இரண்டும் கீழே வரிசையாக இருக்கும் கட்டளைகளில் நகர்வதற்கு. எக்ஸ் அழுத்தினால் அது நடக்கும். சதுரம் உருண்டு தப்ப, முக்கோணம் தடுக்க. உருள்வதும் தடுப்பதும் ஏபி என்ற புள்ளிகளைத் தின்னும் என்பதை மறக்காதீர்கள்.

பழைய ஆட்டத்தில் வரிசையில் நின்று முறை வைத்து அடித்துக்கொள்வார்கள். இங்கே நேரடியாக ஓடி அடிக்கலாம். பின்னாலிருந்து அடித்தால் அடி பலமாக விழும். ஆகவே எதிரி கை ஓங்கும்போது சதுரம், உருண்டு முதுகுப் பக்கம் போனதும் எக்ஸ். இந்த ஒன்று கைக்கு வந்துவிட்டால் முதல் சில மணி நேரம் சுலபம்.

இன்னொன்று. சீப்புச் சீடையோ தேன்குழலோ சாப்பிட்ட கையோடு இடது பக்கச் சின்ன அனலாக் குமிழைத் தொடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கில் விரல் வழுக்கும், அழுக்கு உள்ளே இறங்கினால் ஜாக் தானாக ஒரு பக்கமாக நடக்க ஆரம்பித்துவிடுவான்.

படி 5: டிஎம்டபிள்யூ, நான் மாட்டிக்கொண்ட இடம்

இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

சண்டை தொடங்கியதும் திரையின் மேல் இடது மூலையில் மூன்று சக்கரங்கள் சுழலும். ஒவ்வொன்றிலும் ஒரு முகமும் ஒரு எண்ணும் இருக்கும். இதுதான் டிஜிட்டல் மைண்ட் வேவ். ஜாக்கின் மனதில் இருப்பவர்கள்தான் அந்த முகங்கள்: ஏஞ்சியல், செஃபிராத், ஏரித் என்று கதையில் சந்திக்கச் சந்திக்கச் சேர்வார்கள். ஒரு சுற்றுக்கு எஸ்பி என்ற புள்ளிகளில் 10 செலவாகும். எஸ்பி எதிரிகளை வீழ்த்தினால் வரும். நீங்கள் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டாம், அது பாட்டுக்குச் சுழலும்.

எனக்கு இது புரியவில்லை. மற்ற ஆட்டங்களில் எதிரியை அடித்தால் அனுபவப் புள்ளி ஏறும், ஒரு கோடு நிறையும், நிறைந்ததும் லெவல் ஏறும். இங்கே அந்தக் கோடு எங்கேயும் இல்லை. ஆகவே பழைய பழக்கத்தில் ஒரே தெருவில் முன்னும் பின்னுமாக நடந்து, வந்ததையெல்லாம் அடித்து, இரண்டு ராத்திரி கழித்தேன். சில சமயம் இரண்டு சண்டையில் இரண்டு லெவல். சில சமயம் அரை மணி நேரம் ஒன்றுமில்லை. என் அம்மான் மகனிடம் கொடுத்தபோது அவனும் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தான்: “அயித்தான், எவ்வளவு அடிச்சாலும் லெவலே ஏற மாட்டேங்குது.”

நடப்பது இதுதான். இடது, வலது சக்கரங்களில் ஒரே முகம் வந்து நின்றால் சண்டை அப்படியே நின்று, சக்கரங்கள் திரை முழுக்க விரியும். மாடுலேட்டிங் ஃபேஸ் என்று இதற்குப் பெயர். நடுச் சக்கரத்திலும் அதே முகம் வந்துவிட்டால் அந்த ஆளுக்குரிய லிமிட் பிரேக் என்ற சிறப்புச் சக்தி கிடைக்கும். அந்த நேரத்தில் எண்களும் முக்கியம். 777 விழுந்தால் ஜாக்குக்கு லெவல் ஏறும். 1 முதல் 6 வரை ஏதாவது ஒரு எண் ஜோடியாக விழுந்தால், அந்த எண்ணுள்ள இடத்தில் பொருத்தியிருக்கும் மட்டீரியாவுக்கு (மந்திரமும் திறமையும் தரும் கோளம்) லெவல் ஏறும்.

பார்த்தால் முழுக்க அதிர்ஷ்டம் மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. அனுபவப் புள்ளி மறைவில் கணக்கு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. அது ஏற ஏற 777 விழும் வாய்ப்பும் கூடுகிறது. சின்ன எதிரிகளை நூறு பேர் அடிப்பதைவிட, உங்கள் தரத்துக்குச் சற்று மேலான எதிரிகளைப் பத்துப் பேர் அடிப்பது பலன் தரும். இது தெரிந்த பிறகு சக்கரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். சண்டையைப் பார்த்தேன். லெவல் தானாக வந்தது.

செய்ய வேண்டியவை: எஸ்பி தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள், தீர்ந்தால் சக்கரம் நின்றுவிடும். அடிக்கடி பயன்படுத்தும் மட்டீரியாவைப் பொருத்தியே வைத்திருங்கள், கழற்றி வைத்தது வளராது.

எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. சக்கரம் விரியும்போது சில நேரம் ஜாக்குக்கும் அந்த ஆளுக்கும் நடந்த ஒரு பழைய காட்சி ஓடி மறையும். கடும் சண்டை நடுவில் திடீரென்று ஒரு முகம், ஒரு சிரிப்பு. கோங்காகா என்ற சின்ன ஊரிலிருந்து பெரிய நகரத்துக்கு வேலைக்கு வந்த பையன் அவன். இளவயதிலேயே பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போன ஐயாக்களின் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த முகங்கள் அந்நியமாகத் தெரியவில்லை.

ஜாக்கின் குருவான ஏஞ்சியல் முதுகில் சுமக்கும் பெரிய வாளையும் கவனியுங்கள். அதை அவன் சண்டைக்கு எடுப்பதே அபூர்வம், எடுத்தால் தேய்ந்துவிடும் என்று பாதுகாக்கிறான். கல்யாணத்துக்கு மட்டும் வெளியே வரும் பெட்டகத்து வெள்ளியைப் பார்த்தவர்களுக்கு அவனைச் சட்டென்று புரியும். ஃபைனல் ஃபேன்டஸி 7 ஆடியவர்களுக்கு அந்த வாள் யாருடைய கைக்குப் போய்ச் சேரும் என்று தெரியும். அதனால்தான் முதலில் பழைய ஆட்டத்தை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள் என்று சொல்கிறேன். கதை வரிசைப்படி இதுதான் முதலில் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை.

படி 6: மிஷன்கள்

சேமிக்கும் இடத்தில் நின்றால் மிஷன் பட்டியல் திறக்கும். மொத்தம் 300. ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான். காரைக்குடியில் பஸ் ஏறித் தேவகோட்டையில் இறங்குவதற்குள் நான்கைந்து முடித்துவிடுவேன். கையடக்கக் கருவிக்காகவே யோசித்துச் செய்திருக்கிறார்கள். மிஷனில் தோற்றாலும் ஆட்டம் முடிந்துவிடாது, சேமிக்கும் இடத்துக்கே திரும்பி வந்துவிடலாம். ஆகவே துணிந்து போங்கள்.

சில மிஷன்கள் ஊரில் நிற்பவர்களிடம் பேசினால்தான் திறக்கும். ஜாக்கின் கைப்பேசிக்கு வரும் மெயில்களையும் விடாமல் படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: நூறு மிஷனை ஒரேயடியாக முடித்துவிட்டுக் கதைக்குத் திரும்பினால் கதைச் சண்டைகள் ஒரே அடியில் முடிந்து சப்பென்று இருக்கும். ஒரு அத்தியாயத்துக்குப் பத்துப் பதினைந்து போதும். பல மிஷன்கள் ஒரே குகை, ஒரே பாலைவனம் என்று திரும்பத் திரும்ப வரும். இந்த ஆட்டத்தில் எனக்குள்ள ஒரே குறை அது. சுவரோரமாக நடந்தால் வழிச் சண்டைகள் குறையும்.

பின்சேர்க்கை 1: ஒருவர் தன்னிடம் பிஎஸ்பி கோ இருப்பதாக எழுதியிருந்தார். அதில் யூஎம்டி போடும் இடமே இல்லை, இந்தத் தட்டு அதற்கு உதவாது. இதே ஆட்டத்தைப் புதுப்பித்து 2022 டிசம்பரில் வந்த ரீயூனியன் பதிப்பு நின்டெண்டோ ஸ்விட்ச்சிலும் மற்ற புதிய கருவிகளிலும் கிடைக்கிறது. அதில் லிமிட் பிரேக்கை நாமே நேரம் பார்த்து விடலாம், சண்டையும் வேகம். ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் அதையே வாங்கலாம். தானாக வந்து நிற்கும் அந்த முகங்களுக்காக நான் பழையதிலேயே இருக்கிறேன்.

பின்சேர்க்கை 2: இரட்டைக் கார்டு அடாப்டர் வாங்கியவருக்குச் சேமிப்பு மொத்தமாகப் போய்விட்டதாம். அந்த வகை இரண்டு கார்டையும் சேர்த்து ஒன்றாக எழுதுகிறது. ஒன்றைக் கழற்றினாலும் இரண்டிலும் உள்ளது போச்சு. கழற்றியிருந்தால் நகலிலிருந்துதான் மீட்க வேண்டும்.

பின்சேர்க்கை 3: பவர் சுவிட்சை மேலே ஒருமுறை தள்ளிவிட்டால் பிஎஸ்பி தூங்கும், விட்ட இடத்திலிருந்தே மறுபடி ஆடலாம். அதை நம்பிச் சேமிக்காமல் விட்டு, இரண்டு நாள் கழித்து எடுத்தபோது பேட்டரி தீர்ந்து எல்லாம் போயிருந்ததாக மூன்று பேர் எழுதிவிட்டார்கள். தூங்க வைப்பது காபி குடித்துவிட்டு வருவதற்கு. ராத்திரி படுக்கப் போகும்போது சேமிக்கும் இடம் வரை நடந்து, சேமித்து, அதன்பின் சுவிட்சை மூன்று நொடி பிடித்து முழுவதுமாக அணைத்துவிடுங்கள்.