மிக்-21 இறக்கையில் படிந்த வெண்மை

1963-ல் நம் விமானப்படைக்கு வந்து 2025 செப்டம்பரில் விடைபெற்றது மிக்-21 போர் விமானம். அதன் 1/72 அளவு பிளாஸ்டிக் மாடலுக்குக் கடைசிப் பூச்சாக லேக்கர் வார்னிஷ் அடித்தேன். வேளச்சேரியில் அன்று அடைமழை. கொஞ்ச நேரத்தில் இறக்கை முழுக்கத் திருநீறு பூசியதுபோல வெளுத்துவிட்டது.

வார்னிஷில் கலந்த தின்னர் (கரைப்பான்) சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. கார் பெயின்ட் அடிப்பவர்களுக்குப் பழகிய தொல்லைதான். தேய்த்து எடுக்கத் தேவையில்லை. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மட்டும் ஏர்பிரஷ்ஷில் ஊற்றி, தள்ளிப் பிடித்து, லேசாக ஒரு சுற்று அடித்தேன். பூச்சு இளகி ஈரம் வெளியேற, வெண்மை கண்ணெதிரே கரைந்தது. அடியில் இருந்த மூவண்ண வட்டம் பளிச்சென்று தெரிந்தது. சொட்டச் சொட்ட அடித்தால் டீக்கால் (மாடலில் ஒட்டும் சின்னப்படம்) சுருங்கும், பிளாஸ்டிக்கும் இளகும், ஜாக்கிரதை! அப்புறம் மீதிப் பூச்சை, வெயில் வந்த ஒரு மத்தியானம் மொட்டை மாடியில் முடித்தேன்.