ஆய்வு முன்மொழிவு: சட்ட, குற்றவியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் அரசு சட்டக் கல்லூரியும் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையும் இருப்பதால், சட்டம் படிக்கும் பிள்ளைகளும் குற்றவியல் படிக்கும் பிள்ளைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆய்வு முன்மொழிவு, அதாவது செய்யப்போகும் ஆய்வுக்கான திட்டம், எழுதிப் பழகும் வாய்ப்பு நெல்லைச் சீமையில் உண்டு. அப்படி எழுதப்பட்ட முன்மொழிவுகளைப் பல ஆண்டுகளாகப் படித்துத் திருத்தி வருகிறேன். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள் சிலவே. ஆனால் அவற்றில் ஒன்று மற்ற எல்லாவற்றுக்கும் வேராக இருக்கிறது. விடையை முதலில் முடிவு செய்துவிட்டு, கேள்வியைப் பிறகு எழுதுவதுதான் அது.

சட்ட மாணவரிடம் இந்தப் பழக்கம் ஊறிப்போயிருப்பதற்குக் காரணம் உண்டு. கற்பனை வழக்கில் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றத்தில் ஒரு கட்சிக்காரரின் பக்கம் நின்று, கிடைக்கும் தீர்ப்புகளையெல்லாம் அந்தப் பக்கத்துக்குச் சாதகமாக அடுக்கவே அவர் பழகியிருக்கிறார். அதே கையோடு முன்மொழிவு எழுதும்போது, ‘இச்சட்டத்தின் குறைபாடுகளை நிரூபிப்பதே ஆய்வின் நோக்கம்’ என்று எழுதிவிடுகிறார். நிரூபிக்கப் போவது முன்பே தெரியுமென்றால் ஆய்வுக்கு வேலையே இல்லை. ஆகவே என்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எந்தத் தரவு கிடைத்தால் உங்கள் கருதுகோள், அதாவது நீங்கள் சோதிக்கப்போகும் ஊகம், தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? இதற்கு ஒரு வரியில் பதில் எழுத முடியாதவர் அடுத்த பக்கத்துக்குப் போகக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டை அருகிலிருந்து பார்க்கலாம். ‘முதல் தகவல் அறிக்கைப் பதிவு: ஒரு சட்ட ஆய்வு’ என்ற தலைப்போடு ஒரு மாணவி வந்தார். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013-லேயே சொல்லிவிட்டது. அதை மறுபடி விளக்குவதற்கு ஆய்வு தேவையில்லை. ஆனால் 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவு, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதியோடு, 14 நாட்களுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்திக்கொள்ள இடம் தருகிறது. அப்படியானால் கேள்வி இப்படி மாறுகிறது: ஓர் உட்கோட்டத்தின் நான்கு காவல் நிலையங்களில், புதிய சட்டம் வந்த முதல் ஓராண்டில், இவ்வகைப் புகார்களில் எத்தனை பூர்வாங்க விசாரணைக்குப் போயின, முன் அனுமதி பெறப்பட்டதா, 14 நாட்களில் முடிந்தனவா, எத்தனை வழக்காகப் பதிவாயின? புகார் கொடுத்தவர் கையில் இருக்கும், புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதிலிருந்தும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறும் விவரங்களிலிருந்தும் இதற்கு விடை தேடலாம். விடை எப்படி வரும் என்று அந்த மாணவிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முன்மொழிவு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

குற்றவியல் மாணவர் வேறு இடத்தில் இடறுகிறார். அவருக்கு எண்களின் மீது நம்பிக்கை அதிகம். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் எண்ணிக்கைகளை எடுத்து, குற்றம் கூடியது, குறைந்தது என்று நேராக எழுதிவிடுகிறார். அங்கே எண்ணப்படுவது காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளே. நடந்த குற்றங்கள் எல்லாம் அதில் வந்துவிடுவதில்லை. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றுள் மிகக் கடுமையான ஒன்று மட்டுமே கணக்கில் ஏறும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. கொலையோடு சேர்ந்த திருட்டு அங்கே கொலையாகவே நிற்கும்.

நம் மாவட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு குழிகள் உண்டு. திருநெல்வேலி மாநகரம் காவல் ஆணையரின்கீழும், மற்ற பகுதிகள் மாவட்டக் கண்காணிப்பாளரின்கீழும் இருப்பதால் எண்ணிக்கைகளும் தனித்தனியாகவே வருகின்றன; ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ‘திருநெல்வேலியில்’ என்று எழுதினால் பாதி விடுபட்டுப்போகும். இரண்டாவது, 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. 2018-ஐயும் 2021-ஐயும் அருகருகே வைத்துக் குற்றம் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறவர், தென்காசி, சங்கரன்கோவில் பகுதிகள் பட்டியலை விட்டுப் போனதைத்தான் குற்றத் தடுப்பின் வெற்றி என்று எழுதுகிறார். சட்டம் மாறியதாலும் இதே சிக்கல் வரும். சங்கிலிப் பறிப்பு போன்ற பறிப்புகளைத் தனிக் குற்றமாக்கும் 304-ஆம் பிரிவு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் புதிதாக வந்தது. பழைய தண்டனைச் சட்டத்தில் அதே நிகழ்வு திருட்டாகவோ வழிப்பறியாகவோ பதிவாகியிருக்கும். 2022 முதல் 2025 வரை என்று காலத்தை வரையறுக்கும் மாணவர், எந்தப் பழைய பிரிவு எந்தப் புதிய பிரிவோடு எப்படி ஒப்பிடப்படும் என்று ஓர் அட்டவணையை முன்மொழிவிலேயே தர வேண்டும். தேர்வாளர் கேட்கட்டும் என்று விட்டுவைக்கக் கூடாது.

களப்பணியைத் தாளில் மட்டும் யோசிப்பது அடுத்த பெரிய தவறு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பற்றிப் பீடி சுற்றும் பெண்களுக்கு என்ன தெரியும் என்பதை ஆராய ஒரு மாணவி 40 கேள்விகளோடு முக்கூடல் பக்கம் போனார். மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலை, தூள், நூல். அன்றைய கணக்குக்குப் பீடி சேர வேண்டுமென்றால் விரல் நிற்க முடியாது. முதல் கேள்வியே, ‘மேற்கண்ட சட்டத்தின்கீழ் நிவாரணம் கோரும் நடைமுறை குறித்துத் தாங்கள் அறிவீர்களா?’ என்பது. அந்தப் பெண் தலை நிமிராமல், “பொறவு வாங்கம்மா, அத்தை இருக்காவ” என்று மட்டும் சொன்னார். மாமியார் மூன்றடி தள்ளி உட்கார்ந்து அதே இலையை வெட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு வரியில் முறையியல் அத்தியாயம் முழுவதும் இருக்கிறது. கேட்கும் இடம் பாதுகாப்பானதா, பதில் சொல்கிறவருக்கு மாலையில் என்ன நேரும், அவருடைய பேச்சில் ‘நிவாரணம்’ என்ற சொல் உண்டா என்பவற்றையெல்லாம் முன்மொழிவு எழுதும்போதே யோசித்திருக்க வேண்டும். அதன்பின் அந்த மாணவி பன்னிரண்டு கேள்விகளாகக் குறைத்து, வீட்டை விட்டு வேறு பொது இடத்தில், தனித்தனியாகப் பேசுவதாகத் திட்டத்தை மாற்றினார். ஐந்தாறு பேரிடம் முன்னோட்டமாகக் கேட்டுப் பார்க்காத வினாப்பட்டியலை முன்மொழிவில் இணைக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

‘தகவல்கள் முழு ரகசியமாக வைக்கப்படும்’ என்ற வாக்கியத்தை எல்லாரும் படியெடுத்துப் போட்டுவிடுகிறார்கள். குழந்தைகளிடம் பேசும் ஆய்வில் அந்த வாக்கைச் சட்டப்படி காப்பாற்ற முடியாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, இத்தகைய குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது; தெரிவிக்கத் தவறுவது 21-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். ஆய்வு செய்பவருக்கென்று விலக்கு எதுவும் இல்லை. எனவே எது ரகசியம், எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதைப் பேச்சைத் தொடங்கும் முன்பே குழந்தைக்கும் பெற்றோருக்கும் விளக்கும் ஒப்புதல் படிவம் வேண்டும். சட்டம் படிப்பவர் இதில் தவறுவதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. சிறைவாசிகளிடம் ஒப்புதல் பெறுவதும் இப்படிக் கவனமாகச் செய்ய வேண்டியதே. அதிகாரி அழைத்து வந்து உட்காரவைத்த ஒருவர் ‘சரி’ என்று சொல்வதை முழு மனதோடு தந்த சம்மதமாக எழுதிவிட முடியாது. சிறைக்கோ, குற்றம் சாட்டப்பட்ட சிறார் தங்கவைக்கப்படும் கூர்நோக்கு இல்லத்துக்கோ போவதற்குத் துறையின் முன் அனுமதி வேண்டும். அது கிடைக்க ஆகும் மாதங்களைக் கால அட்டவணையில் சேர்க்காமல் விடுவதும் வழக்கமான பிழை.

‘இப்பொருளில் இதுவரை ஆய்வு எதுவும் நடைபெறவில்லை’ என்று எழுதுமுன், ஷோத்கங்கா, ஷோத்கங்கோத்ரி என்ற இரண்டு இணையத் தொகுப்புகளில், முன்னதில் ஆய்வேடுகளையும் பின்னதில் ஏற்கப்பட்ட முன்மொழிவுகளையும் தேடிப் பார்த்துவிட வேண்டும். தேர்வாளர் கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் அந்த வாக்கியத்தை உடைத்துவிடுவார்.

இனி, முன்மொழிவைக் குழுவின் முன் நின்று காப்பது. இங்கே மறுபடி அந்த வேர்த்தவறு தலைகாட்டுகிறது. கேள்வி கேட்பவரை எதிர்த்தரப்பு வழக்கறிஞராக நினைத்து, எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று மாணவர் முடிவு செய்துவிடுகிறார். இதைக் களைவதற்கு நான் செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் தம் முன்மொழிவுக்கு எதிராகத் தாமே பத்து நிமிடம் பேச வேண்டும்; மறுநாள்தான் ஆதரவாகப் பேசலாம். அதன்பிறகு ஒரு வழக்கறிஞர், பணி ஓய்வு பெற்ற காவல் அதிகாரி ஒருவர், வேறு துறை மாணவர் ஒருவர் என மூவர் கொண்ட குழு முன்னால் தாளில்லாமல் நிற்க வேண்டும்.

முதல் தகவல் அறிக்கை பற்றி எழுதிய அந்த மாணவியிடம் ஓய்வு பெற்ற அதிகாரி, “நாலு ஸ்டேஷன வச்சிக்கிட்டு தமிழ்நாட்டுக்கே எப்படிம்மா சொல்லுவிய?” என்று கேட்டார். முதல் முறை மாணவி ஐந்து நிமிடம் தீர்ப்புகளை அடுக்கினார். கேட்ட கேள்வி அப்படியே நின்றது. அடுத்த வாரம் அதே கேள்விக்கு, “சொல்ல மாட்டேன் சார். இந்த நாலு நிலையங்களில் இந்த ஓராண்டில் என்ன நடந்தது என்பது வரைக்கும்தான் என் தரவு பேசும்” என்றார். அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, அந்த நான்கை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்கத் தொடங்கினார்.