சிஆர்எம்-இல் ஏரியா பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிஆர்எம் என்பது வாடிக்கையாளர், விற்பனை விவரங்களை வைத்திருக்கும் மென்பொருள். அதில் முதல் தவறு, டெரிட்டரிக்கு, அதாவது விற்பனை ஏரியாவுக்கு, ஆளின் பெயரை வைப்பது. மதுரையும் திண்டுக்கல்லும் யாரோ ஒருவர் பெயரில் இருக்கும், அவர் வேலையை விட்டுப் போயிருப்பார், புதிதாக வந்தவரின் விற்பனையெல்லாம் மாதக்கணக்கில் பழையவர் பெயரிலேயே ரிப்போர்ட்டில் வந்துகொண்டிருக்கும். டெரிட்டரிக்கு ஊர்ப் பெயரை வையுங்கள், ஆளை அதற்குள் போடுங்கள், நாளைக்கு ஆள் மாறினால் அவரை மட்டும் மாற்றினால் போதும்.

அடுத்தது, எந்த வாடிக்கையாளர் எந்த ஏரியாவில் விழுவார் என்ற விதியை மாவட்டப் பெயரை நம்பி எழுதுவது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானது. ஆனால் அங்குள்ள டீலர்களில் பாதிப் பேர் பழைய முகவரிப்படி திருநெல்வேலி என்றே பதிவாகியிருப்பார்கள். ‘மாவட்டம் = தென்காசி’ என்று விதி போட்டால் அவர்கள் யாரும் சிக்கமாட்டார்கள். போதாததற்கு ஒருவர் தூத்துக்குடி என்று அடிப்பார், இன்னொருவர் டூட்டிகோரின் என்பார், மென்பொருளுக்கு இரண்டும் வேறு வேறு ஊர். பின்கோடுக்கு இந்தத் தொல்லை இல்லை: மாவட்டம் பிரிந்த பிறகும் தென்காசிக்கு அதே 627811தான். ஆறு இலக்கம் இல்லாமல் முகவரியைச் சேமிக்கவே விடாதீர்கள், சேல்ஸ் டீம் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

அப்புறம், ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே ஏரியாதான் என்ற பிடிவாதம். தலைமை அலுவலகம் சென்னையில், ஆலை ஓசூரில் என்றால் ஆர்டர் எந்தப் பக்கத்திலிருந்தும் வரும். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சிஆர்எம் மென்பொருளில் ஒரு அக்கவுண்டை, அதாவது ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் பதிவை, பல டெரிட்டரிகளில் வைக்கலாம், ஆனால் ஒரு டீல் ஒரே டெரிட்டரிக்குத்தான் போகும். அதனால் டீல் யார் கணக்கில் வரும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்காவிட்டால் இன்சென்டிவ் நாளன்று சண்டைதான்.

மாதக் கடைசியில் ஏரியாவை மாற்றுவதை என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. மூன்று மாதம் அலைந்து ஒருவர் பேசிமுடித்த டீல், கையெழுத்தாகும் வாரத்தில் இன்னொருவர் டார்கெட்டில் போய் விழும். நடந்துகொண்டிருக்கும் டீல்களைப் பழைய ஆளிடமே விட்டுவிட்டு, புது லீட்களுக்கு (புதிதாக வரும் விசாரிப்புகளுக்கு) மட்டும் புதுப் பிரிவைப் பயன்படுத்துங்கள்.

மாற்றத்தை நேராக லைவில் செய்யவும் வேண்டாம். சேல்ஸ்ஃபோர்ஸில் புது மாடலை, அதாவது புது ஏரியாப் பிரிவு முழுவதையும், திட்ட நிலையில் வைத்து விதிகளை ஓட்டிப் பார்க்கலாம், ஒரு நேரத்தில் ஒரு மாடல்தான் செயலில் இருக்கும். ஓட்டியதும் முதலில் பார்க்கவேண்டியது எந்த ஏரியாவிலும் விழாத அக்கவுண்டுகளை. பின்கோடு காலியாக இருப்பவையெல்லாம் அங்கேதான் கிடக்கும்.