டெயில்கேட் குடிக்கு விதி போடுபவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் சீசன் வந்துவிட்டால், மதியம் மூன்றரை மணி ஆட்டத்துக்குக் காலையிலேயே ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள பார்க்கிங் நிரம்பத் தொடங்கிவிடும். பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கி, அடுப்பு மூட்டி, ஐஸ் பெட்டியைத் திறந்தால் டெயில்கேட் ஆரம்பம். குழந்தை குட்டிகளோடு வந்து பர்கர் சாப்பிட்டுவிட்டு உள்ளே போகிறவர்களும் நிறைய. ஆனால் அத்தனை மணி நேரம் திறந்தவெளியில் பீர் ஓடும் இடத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. என்ன கட்டுப்பாடு என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

பெரிய தவறு, ஸ்டேடியத்துக்கு உள்ளே மட்டும் கவனம் வைப்பது. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேஸ்பால், ஃபுட்பால் ஆட்டங்கள் முடிந்து வெளியே வந்த 362 பேரை ஊதச் சொல்லிப் பார்த்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 8 சதவீதம் பேர், வண்டி ஓட்டுவதற்கான சட்ட வரம்பைத் (ரத்தத்தில் 0.08 சதவீத ஆல்கஹால்) தாண்டியிருந்தார்கள். டெயில்கேட்டில் குடித்துவிட்டு வந்தவர்கள் அந்த வரம்பைத் தாண்டும் வாய்ப்பு மற்றவர்களைவிட 14 மடங்கு அதிகம். அதாவது போதை பெரும்பாலும் வாசலுக்கு வெளியிலேயே ஏறிவிடுகிறது.

மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் இதைப் புரிந்துகொண்டு செய்த காரியம் முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தெரியும். மார்கன்டவுனில் உள்ள அவர்களது ஸ்டேடியத்தில் முன்பு பீர் விற்பனை கிடையாது. ஆனால் இடைவேளையில் வெளியே போய்விட்டுத் திரும்பி வரலாம். இடைவேளை மணி அடித்ததும் கூட்டம் பார்க்கிங்குக்கு ஓடும், இருப்பதிலேயே கடுமையான சரக்கை அவசர அவசரமாக உள்ளே தள்ளும், ஆட்டத்தின் இரண்டாம் பாதிக்குத் திரும்பும். 2011-இல் இந்தப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, உள்ளேயே பீர் விற்க ஆரம்பித்தார்கள். அந்த சீசனில் போலீஸுக்குப் போகும் சம்பவங்கள் குறைந்தன. விற்பனை ஒழுக்கத்தை வளர்த்தது என்று அர்த்தமில்லை. பதினைந்து இருபது நிமிடத்தில் ஐந்து கிளாஸ் அடிக்கும் வழி அடைபட்டது, அவ்வளவுதான். அதற்காகத் தடை என்றாலே வீண் என்று சொல்ல வரவில்லை. கொலராடோ பல்கலைக்கழகம் 1996-இல் ஸ்டேடியத்துக்குள் பீரை நிறுத்தியபோது கைதுகளும் அடிதடியும் நன்றாகவே குறைந்தன. உங்கள் ஊரில் போதை எந்த வாசலில், எந்த நேரத்தில் ஏறுகிறது என்று பார்க்காமல் பக்கத்து ஊர் விதியை அப்படியே எடுத்து ஒட்டுவதுதான் தவறு.

அடுத்தது, பாத்திரத்தைத் தடை செய்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்ததென்று நினைப்பது. 2011 நவம்பரில், ஹார்வர்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு முன், யேல் பல்கலைக்கழக ஸ்டேடியத்தின் டெயில்கேட் பகுதியில் பீர் பீப்பாய்களை ஏற்றி வந்த வாடகை டிரக் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்தது. மூன்று பெண்கள் மீது மோதியதில் ஒருவர் இறந்தார். ஓட்டியவர் போலீஸின் போதைச் சோதனையில் தேறிவிட்டார். அடுத்த ஆண்டு யேல் பீப்பாய்களுக்குத் தடை போட்டது. கூடவே அந்த மாதிரி பெரிய டிரக்குகளையும் டெயில்கேட் பகுதிக்குள் விட மறுத்தது. என்னைக் கேட்டால் உயிரைக் காக்கும் விதி இரண்டாவதுதான். நடக்கும் கூட்டமும் நகரும் வண்டியும் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது. பெரிய பீப்பாய் ஒன்றில் சுமார் 58 லிட்டர் இருக்கும், உண்மைதான். ஆனால் அதை மட்டும் தடுத்தால் சிலர் விஸ்கிக்கும் வோட்காவுக்கும் மாறுவார்கள். அது சிவப்பு பிளாஸ்டிக் கப்புக்குள் போய்விட்டால், காவலருக்குக் கோலாவும் சரக்கும் ஒன்றுதான்.

பெயரை மாற்றும் வைத்தியமும் உண்டு. வழக்கமாக ஜாக்சன்வில்லில் நடக்கும் ஜார்ஜியா–ஃப்ளோரிடா ஆட்டத்துக்கு 'உலகின் மிகப் பெரிய திறந்தவெளி காக்டெயில் பார்ட்டி' என்று பட்டப்பெயர். அதைச் சொல்ல வேண்டாம் என்று 2006-இல் அந்த அணிகளின் லீக் டிவி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. பெயர் போனது, பார்ட்டி போகவில்லை.

'ஒருவருக்கு ஒரு முறைக்கு இரண்டுதான்' போன்ற வரம்பு நல்லதே, விற்கிறவர் மதித்தால். 1999-இல் நியூ ஜெர்சியில் ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் ஒரு ரசிகர் விற்பனையாளருக்கு டிப்ஸ் கொடுத்து அந்த வரம்பைத் தாண்டி வாங்கிக் குடித்தார். வீட்டுக்குப் போகும் வழியில் அவர் ஏற்படுத்திய விபத்தில் ஒரு சிறு குழந்தை நிரந்தரமாக முடங்கியது. 2005-இல் நீதிமன்றத்தில் ஜூரி 13.5 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அது ரத்தானாலும், அந்தத் தொகையைக் கேட்டு விழிக்காத ஸ்டேடியம் நிர்வாகி இருந்திருக்க மாட்டார். இலவசமாக ஊற்றிக் கொடுப்பவருக்கும் ஆபத்து உண்டு. தள்ளாடும் விருந்தாளி வண்டி ஓட்டப் போகிறார் என்று தெரிந்தும் ஊற்றினால், வீட்டுக்காரர்மீதும் வழக்குப் போடலாம் என்று அதே மாநில உச்ச நீதிமன்றம் 1984-லேயே சொல்லிவிட்டது.

அங்கே படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 21 வயது ஆகாத ஜூனியர் கையில் கப்பைக் கொடுத்தால் கொடுத்தவரும் மாட்டுவார். 'வண்டியில் சும்மா உட்கார்ந்திருந்தேன்' என்பதும் எடுபடாது. சாவியோடு டிரைவர் சீட்டில் இருந்தாலே பல மாநிலங்களில் வழக்கு வரும். போதையில் வண்டி ஓட்டியதாகக் கைதானால், தீர்ப்பு வரும் முன்பே விசாவை ரத்து செய்யும் நடைமுறை 2015 முதல் இருக்கிறது. 2025-க்கு முன் அதனால் மட்டும் படிப்பு பொதுவாக நின்றுவிடாது, இப்போது அந்த உறுதி இல்லை. படிப்பு நிற்காவிட்டாலும், பொங்கலுக்கு ஊருக்குப் போனால், திரும்பி வர மறுபடியும் தூதரக வரிசையில் நிற்க வேண்டும்.

நான் அதிகம் எரிச்சல்படுவது ஒரு பார்க்கிங் பலகையைப் பார்த்துத்தான்: 'இரவில் நிறுத்தப்படும் வண்டிகள் இழுத்துச் செல்லப்படும்.' குடித்துவிட்டு ஓட்டாதே என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, வண்டியை விட்டுப் போகிறவனுக்கு இன்னொரு பக்கம் அபராதம். மறுநாள் மதியம்வரை வண்டி அங்கேயே நிற்கலாம் என்று அந்த வரியை மாற்றி எழுத, ஒரு டப்பா பெயின்ட் செலவாகும்.