பக்கத்து ஊர் மாட்டுக்கு லம்பி (தோல் கழலை நோய்) வந்துருச்சுன்னா நீங்க என்ன பண்ணணும்

பக்கத்து ஊர்ல ஒரு மாட்டுக்கு உடம்பு பூரா கட்டி கட்டியா இருக்குன்னு காதுல விழுந்தா அன்னிக்கே கால்நடை டாக்டர்கிட்ட போயி தடுப்பூசி கேளுங்க, நம்ம மாட்டுக்கு வரட்டும் பாப்போம்னு இருந்தா வேலைக்காகாது. ஏன்னா ஊசி போட்டு எதிர்ப்பு வர கிட்டத்தட்ட 3 வாரம் ஆகும். காய்ச்சல் வந்தப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல. ஊசி போடுறப்ப ஒரு மாட்டுக்கு ஒரு நீடில்னு கறாரா சொல்லிருங்க.

1929ல ஜாம்பியால முதமுதல்ல பாத்த நோய் இது, நாடு நாடா தாண்டி 2019ல ஒடிசாவுல தலைகாட்டுச்சு, 2022ல ராஜஸ்தான், குஜராத்ல மாடுங்க கொத்து கொத்தா செத்துச்சு. பரப்புறது கொசு, கடிக்கிற ஈ, உண்ணி. அதனால சாணிய தினம் அள்ளிருங்க, மூத்திரம் தேங்க விடாதீங்க, சாயங்காலம் வேப்பந்தழை நொச்சி போட்டு மூட்டம் போடுங்க.

தூரத்துக்கு கொண்டு போறது நாமதான். எங்க சித்தப்பா சந்தையில வாங்குன மாட்ட அன்னைக்கு ராத்திரியே மத்ததோட ஒண்ணா கட்டுனாரு, பத்தே நாள்ல மூணு மாட்டுக்கு கட்டி. புதுசா வர்ற மாட்ட 28 நாள் தள்ளிக் கட்டுங்க, தண்ணித்தொட்டியும் தனி.

தினமும் காலைல பால் கறக்கும்போது கழுத்துலயும் தொடையிலயும் முடிக்கு எதிர்த்தாப்புல கைய ஓட்டிப் பாருங்க, ஆரம்பத்துல கண்ணுக்குத் தெரியாது, கைக்கு கோலிகுண்டு மாதிரி தட்டும். அதோட காய்ச்சல், கண்ணுல தண்ணி, பால் சட்டுன்னு குறையும். உடனே பிரிச்சுக் கட்டிட்டு கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு போன் போடுங்க.

வைரஸுக்குன்னு நேரடி மருந்து இல்ல. காய்ச்சலுக்கும் புண்ணுல சீழ் பிடிக்காம இருக்கவும்தான் டாக்டர் ஊசி போடுவாரு. கூடவே வெத்தல 10, மிளகு 10 கிராம், கல்லுப்பு 10 கிராம், வெல்லம் வச்சு அரைச்சு, முதநாள் 3 மணி நேரத்துக்கு ஒருதடவ, அப்புறம் 2 வாரம் தினம் 3 வேளை நாக்குல தடவிக் குடுக்கலாம். புண்ணுக்கு குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் எல்லாம் நல்லெண்ணெயில காய்ச்சி ஆறவச்சு தடவுங்க, புழு வச்சிருந்தா டாக்டர்கிட்ட காட்டிருங்க.

காஞ்சு விழுற பொருக்க கூட்டி எரிச்சிருங்க, அதுல வைரஸ் ஒரு மாசத்துக்கு மேலயும் உயிரோட கெடக்கும். மனுசனுக்கு இது வராது, பால நல்லா காய்ச்சிக் குடிக்கலாம், ஊர்ல ஆயிரம் சொல்லுவாங்க. செத்துப்போச்சுன்னா மட்டும் ஆத்துலயோ ஓடையிலயோ தள்ளாதீங்க, ஆழமா குழி வெட்டி சுண்ணாம்பு கொட்டி மூடுங்க.