ஆன்லைன் கோல்ஃப் டூருக்குக் கோர்ஸ் தேர்வு: முதல் சீசன் நடத்துபவர்களுக்கு ஒரு செய்முறை

கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடி, கூடவே சிங்கப்பூர், துபாய் என்று பிரிந்து கிடக்கும் நண்பர்களுக்காக பிஜிஏ டூர் 2கே என்ற கோல்ஃப் வீடியோ விளையாட்டில் ஒரு டூர் (வாராவாரம் நடக்கும் தொடர் போட்டி) நடத்தி வருகிறேன். சொசைட்டி (விளையாட்டுக்குள் நம் குழு) தொடங்குவது, ஆள் சேர்ப்பது, ஈவென்ட் போடுவது எல்லாம் மெனுவைப் பார்த்தாலே புரிந்துவிடும், அதை விட்டுவிடுகிறேன். சீசன் கடைசிவரை ஓடுமா, பாதியிலேயே ஆள் குறையுமா என்பது கோர்ஸ், அதாவது ஆடும் மைதானங்களின், பட்டியலில்தான் இருக்கிறது. அதை எப்படிப் போடுவது என்று மட்டும் பார்ப்போம்.

படி 1: முதலில் காலண்டர்

கோர்ஸ் தேட உட்காருவதற்கு முன்னால் காலண்டரை எடுத்து வையுங்கள். எங்கள் கூட்டத்தில் நிறைய பேர் வீட்டில் வயல் உண்டு. தை மாதம் சம்பா அறுவடை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை வேலை. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் கரண்டும் யார் கையிலும் இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர்கள் டெல்டாவில் உண்டு. அந்த மாதங்களில் முக்கியமான போட்டி வைக்கவே வைக்காதீர்கள். மாசிக் கடைசியில் தொடங்கி வைகாசிக்குள் முடிப்பது எங்களுக்கு ஒத்துவருகிறது.

ஒரு ஈவென்டுக்கு ஒரு முழு வாரம் கொடுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து உட்கார வேண்டும் என்றால் டூர் நடக்காது. அவரவர் நேரத்தில் ஆடி ஸ்கோர் போடட்டும். நிஜ டூரைப் போல நான்கு ரவுண்டு (ஒரு ரவுண்டு என்றால் 18 ஹோல், அதாவது 18 குழி) வைக்க ஆசை வரும். வேலைக்குப் போகிறவர்களுக்கு வாரம் இரண்டு ரவுண்டுதான் தாங்கும்.

படி 2: முதல் பட்டியல்

கோர்ஸ்கள் இரண்டு வகை. ஒன்று, விளையாட்டோடு வரும் உரிமம் பெற்ற கோர்ஸ்கள். ஹெச்பி ஸ்டுடியோஸ் 2014-இல் 'தி கோல்ஃப் கிளப்' என்று தொடங்கிய தொடர் இது. 2018-இல் வந்த பதிப்பில்தான் பிஜிஏ டூரின் உரிமம் சேர்ந்தது, டிபிசி சாகிராஸ் போன்ற கோர்ஸ்கள் வந்தன. 2020-இல் 2கே21 என்று பெயர் மாறியபோது ரிவியேரா, ஈஸ்ட் லேக், குவெயில் ஹாலோ எல்லாம் சேர்ந்துகொண்டன. இரண்டாவது வகை, ஆட்டக்காரர்களே கோர்ஸ் டிசைனரில் உருவாக்கி ஏற்றியவை. கடல் போல இருக்கும்.

மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா நேஷனல் வேண்டும் என்று எல்லாக் குழுவிலும் ஒருவர் கேட்பார். 2கே தொடரில் அது அதிகாரப்பூர்வமாகக் கிடையாது. 2023-இல் ஈஏ வெளியிட்ட கோல்ஃப் விளையாட்டில்தான் இருக்கிறது.

பெயரில் 'லைடார்' என்று போட்ட கோர்ஸ்கள் நிறைய கண்ணில் படும். விமானத்திலிருந்து லேசர் அடித்து நிலத்தின் உயரத்தை அளந்த தரவை வைத்துச் செய்தவை அவை. மேடும் பள்ளமும் நிஜ இடத்தில் உள்ளபடியே இருக்கும். டெல்டாவில் கண்ணுக்கு எட்டிய தூரம் சமதளத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரு ஃபேர்வே (முதல் அடி விழ வேண்டிய புல்பாதை) அறுபது அடி இறங்கி மறுபடி ஏறுவதை ஆடிப் பார்ப்பதே தனி சுகம். மூன்று அடி ஏற்றத்துக்கு ஒரு கெஜம் கூட்டி அடிக்க வேண்டும் என்ற கணக்கைப் புதியவர்களுக்கு முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

முதல் பட்டியலுக்கு வாட்ஸ்அப் ஓட்டெடுப்பு வேண்டாம் என்பேன். ஓட்டுப் போட்டால் கடலோரம், அருவி, சூரிய அஸ்தமனம் என்று படத்தில் அழகாகத் தெரிவதுதான் ஜெயிக்கும். தேர்ந்தெடுக்கிற பொறுப்பை இரண்டு பேர் ஏற்றுக்கொள்ளுங்கள்: நன்றாக ஆடுகிற ஒருவர், சுமாராக ஆடுகிற ஒருவர். தேவைக்கு இரண்டு மடங்கு கோர்ஸ் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு படிகளில் பாதி கழிந்துவிடும்.

படி 3: போட்டி அமைப்பில் ஆடிப் பாருங்கள்

கோர்ஸ் திறக்கும்போது அதை உருவாக்கியவர் வைத்த அமைப்பில் திறக்கும். உங்கள் டூரில் காற்று, கிரீன் (குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரை) வேகம், தரையின் கடினம், டீ (முதல் அடி அடிக்கும் இடம்) எல்லாம் வேறாக இருக்கும். அதே அமைப்பை வைத்து 18 ஹோலையும் ஆடுங்கள். ஒன்பது ஆடிவிட்டு 'நல்லாருக்கு' என்று டிக் அடிக்காதீர்கள். ஏற்றிய கோர்ஸ்களில் கடைசி ஹோல்களில் உருவாக்கியவரின் கை சோர்ந்திருப்பது தெரியும்.

குறிப்பு எடுக்க நான் நீளக் குயர் நோட்டுதான் வைத்திருக்கிறேன். ஒரு கோர்ஸுக்கு ஒரு பக்கம், ஒரு ஹோலுக்கு ஒரு வரி. ஷீட்டில் தட்டச்சு செய்தால் எண்தான் மிஞ்சும். நோட்டில் கிரீனைச் சின்னதாக வரைந்து அம்புக்குறி போட்டுவிடலாம்.

படி 4: கொடி இடம். இதில்தான் எல்லாம் இருக்கிறது

மற்ற படிகளை வேகமாகப் படித்திருந்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள். ஒரு ஈவென்ட் முடிந்து "அண்ணே, ஏழாவது ஹோல்ல பந்து திரும்பித் திரும்பிக் காலுக்கே வருது, அஞ்சு பட் போட்டேன்" என்று பாபநாசத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தால், கோளாறு கொடி நட்ட இடத்தில், அதாவது குழி இருக்கும் இடத்தில், இருக்கும். பட் என்பது கிரீன்மேல் பந்தைக் குழிக்கு உருட்டும் அடி.

நடப்பது இதுதான். கிரீன் வேகத்தை ஸ்டிம்ப் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு சாய்வான பட்டையில் பந்தை உருட்டிவிட்டு, சமதளத்தில் எத்தனை அடி ஓடுகிறது என்று பார்ப்பது. 1935-இல் ஓக்மாண்டில் நடந்த யுஎஸ் ஓபனைப் பார்த்துவிட்டு எட்வர்ட் ஸ்டிம்ப்சன் செய்த கருவி. 1970-களில் அமெரிக்க கோல்ஃப் சங்கம் நாடு முழுக்க அளந்தபோது சராசரி 6.5 அடிக்குப் பக்கத்தில் இருந்தது. இன்றைக்குப் பெரிய போட்டிகளில் 12 அடியைத் தொடுகிறது. பழைய பெயர்பெற்ற கோர்ஸ்களின் கிரீன்கள் மெதுவான அந்தக் காலத்துக்காக வளைத்து நெளித்துக் கட்டியவை. லைடார் வைத்து ஒருவர் அவற்றை அப்படியே கொண்டுவருகிறார், நாம் டூருக்காக வேகத்தை உச்சத்தில் வைக்கிறோம். சரிவில் விழுந்த பந்து நிற்க இடமே இல்லாமல் போகிறது. உருவாக்கியவர் செய்ததும் சரி, நாம் வைத்த வேகமும் சரி, இரண்டும் சேரும்போதுதான் ஆட்டம் கெடுகிறது.

சோதிக்கும் விதம்: ஒவ்வொரு ஹோலிலும் பந்தை வேண்டுமென்றே குழிக்கு மேல்பக்கச் சரிவில் நிறுத்துங்கள். பட் போடும்போது கிரீன்மேல் விரியும் கட்டத்தில் புள்ளிகள் நகர்வது தெரியும். வயலில் மடையைத் திறந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் எந்த வேகத்தில் போகும் என்று பார்ப்போமே, அதே கண்ணோடு பாருங்கள். குழியைச் சுற்றிப் புள்ளிகள் எல்லாப் பக்கமும் ஓடிக்கொண்டே இருந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு ஆறு அடியிலிருந்து மெதுவாக ஒரு பட். குழியைத் தவறவிட்ட பந்து இரண்டு மூன்று அடியில் நின்றால் நல்ல இடம். நிற்காமல் கிரீனை விட்டே இறங்கினால் அந்தக் கொடி இடத்தை நோட்டில் அடித்துவிடுங்கள்.

நிஜ கோல்ஃபில் கொடி நடுகிறவர்களுக்குச் சொல்லப்படும் வழிமுறைகள் இங்கேயும் அப்படியே பொருந்தும். குழியைச் சுற்றி இரண்டு மூன்று அடிக்கு முடிந்தவரை சமமாக இருக்கட்டும். கிரீன் விளிம்பிலிருந்து நாலு எட்டாவது தள்ளி இருக்கட்டும். 18 கொடிகளில் ஆறு கடினம், ஆறு நடுத்தரம், ஆறு சுலபம் என்று பிரியுங்கள். எல்லாமே இடது மூலையில் இருந்தால் வலமிருந்து இடமாக வளைத்து அடிப்பவருக்கு மட்டும் கொண்டாட்டம்.

ஒரு கோர்ஸில் ஒரே ஒரு ஹோலின் கொடி மட்டும் மோசம் என்றால் கோர்ஸைத் தூக்கிப்போட வேண்டாம். அடுத்த ரவுண்டுக்கான கொடி அமைப்பைப் போட்டுப் பாருங்கள். அதிலும் சரிவரவில்லை என்றால் கிரீன் வேகத்தை ஒரு படி குறையுங்கள். வேகமான கிரீன்தான் பெரிய டூருக்கு அழகு என்ற எண்ணத்தோடு எனக்கு உடன்பாடே இல்லை. வளைவு அதிகமான கிரீனை நடுத்தர வேகத்தில் ஆடும்போதுதான் கைத்திறன் தெரியும்.

படி 5: பழைய கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள்

ஆட்டக்காரர்கள் ஏற்றிய கோர்ஸ்களில் சிலர் மரத்தையும் புல்லையும் அள்ளிக் கொட்டியிருப்பார்கள். புது கன்சோலில் பார்க்க ஜோராக இருக்கும். மன்னார்குடி நண்பரின் பழைய லேப்டாப்பில் திரை தத்தித் தத்தி ஓடும். கோல்ஃப் விளையாட்டில் ஸ்விங் என்பது நேரக் கணக்கு. கையை இழுத்துத் தள்ளும் அந்த நொடியில் திரை தத்தினால் பந்து காட்டுக்குள்தான். ஆகவே குழுவில் யாரிடம் ஆகப் பழைய கருவி இருக்கிறதோ, அவரை ஒன்பது ஹோல் ஆடச் சொல்லுங்கள். அவருக்கு ஓடாத கோர்ஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

படி 6: வரிசை

தேறிய கோர்ஸ்களை, ஒவ்வொரு வாரமும் ஒரு புதுத் திறமையைக் கேட்கிற மாதிரி அடுக்குங்கள். நான் வைக்கும் வரிசையின் தர்க்கம் இது.

தொடக்கத்துக்கு அகலமான ஃபேர்வே உள்ள கோர்ஸ். புதியவருக்கு இரண்டு பேர்டி (ஒரு ஹோலை விதித்ததைவிட ஓர் அடி குறைவாக முடிப்பது) கிடைத்தால் அடுத்த வாரமும் வருவார். அடுத்தது ஹார்பர் டவுன் மாதிரி ஒன்று: குறுகிய, மரம் சூழ்ந்த, சின்ன கிரீன் உள்ள கோர்ஸ். பீட் டை, ஜாக் நிக்லாஸுடன் சேர்ந்து வடிவமைத்து 1969-இல் திறந்த இடம் அது. தூரம் அடிப்பவருக்கு அங்கே தனிச் சலுகை கிடையாது. மூன்றாவதாக ஒரு லிங்க்ஸ் கோர்ஸ் (கடலோர மணல் நிலத்தில் உள்ளது), காற்றைக் கூட்டி வைத்து. செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய கோர்ஸில் 112 பங்க்கர்கள் (மணல் பள்ளங்கள்), பதினான்கு ஹோல்கள் இரண்டிரண்டாக ஒரே கிரீனைப் பகிர்ந்துகொள்ளும். அங்கே ஐம்பது அடி பட் போடப் பழகியவர் சீசன் முழுக்கப் பயமில்லாமல் ஆடுவார்.

சுவாரசியமான முடிவெடுக்க வைக்கும் ஹோல்கள் உள்ள கோர்ஸ் நடுவில் வரட்டும். ரிவியேராவின் பத்தாவது ஹோல் பார் 4, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டியது, ஆனால் 315 கெஜம்தான். ஒரே அடியில் கிரீனைத் தொடப் பார்க்கலாம், அடக்கி வாசிக்கவும் செய்யலாம். அந்த ஒரு ஹோலைப் பற்றி எங்கள் ஆட்கள் டீக்கடை வாசலில் வாதாடியது ஓயவே இல்லை. அதே கோர்ஸின் ஆறாவது ஹோலில் கிரீனுக்கு நடுவிலேயே பங்க்கர்!

கடைசி வாரத்துக்கு, முடிவு கடைசி ஹோல்களில் மாறக்கூடிய கோர்ஸை வையுங்கள். என் தேர்வு டிபிசி சாகிராஸ். பதினேழாவது ஹோல், 137 கெஜம், சுற்றிலும் தண்ணீர், நடுவில் கிரீன். மூன்று ஷாட் முன்னிலையில் இருப்பவர்கூட அங்கே டீயில் நிற்கும்போது நிம்மதியாக இருக்க முடியாது.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டதற்காக இரண்டு விஷயம். ஒன்று, திறமையில் பெரிய இடைவெளி இருந்தால் எல்லாருக்கும் ஒரே டீயா? கிரீனும் கொடியும் ஒன்றாகவே இருக்கட்டும், இரண்டு பிரிவாக்கி டீயை மட்டும் மாற்றுங்கள். முன் டீயிலிருந்தும் படி 3-ஐச் செய்து பார்த்துவிடுங்கள். பின் டீயிலிருந்து பந்து எட்டாத பங்க்கர், முன் டீயிலிருந்து சரியாகப் பந்து விழும் இடத்தில் வந்து உட்காரும்.

இரண்டாவது, நடுவில் ஒரு கோர்ஸ் சிக்கல் கொடுத்தால்? சீசன் தொடங்கும் முன்பே மாற்றுக் கோர்ஸ் ஒன்றைச் சோதித்து நோட்டில் தயாராக வைத்திருங்கள். ஈவென்ட் திறந்து யாராவது ஒரு ரவுண்டு முடித்துவிட்டால் அதற்குப் பிறகு மாற்றாதீர்கள், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். இந்த விதியை முதல் நாளே குழுவில் எழுதிப் போட்டுவிடுங்கள்.