நல்லமிளகை எப்போது பறிப்பது?

குமரி மாவட்டத்தில் திருவட்டாருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஒரு அயனி மரமும் இரண்டு கமுகும் நிற்கின்றன. மூன்றிலும் நல்லமிளகுக் கொடி ஏறியிருக்கிறது. வெறும் மிளகு என்றால் இங்கே சிலருக்கு மிளகாய் ஞாபகம் வந்துவிடும். அதனால் 'நல்ல' கட்டாயம்.

கொடி நட்டு மூன்றாம் வருடம் முதல் காய்ப்பு. நவம்பரில் சரங்கள் பச்சையாகக் கொழுத்துத் தொங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை, எல்லாவற்றையும் பறித்துவிட்டேன். காய்ந்தபின் பார்த்தால் பாதி பொக்கு. தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. மாமி சிரித்துக்கொண்டே, "மக்களே, பச்சையப் பாத்து ஏமாறாத, ஒண்ணு செவக்கட்டும்" என்றார். அடுத்த வருடம் முழுச்சரமும் சிவக்கட்டும் என்று காத்திருந்தேன். பாதியை மைனா தின்றது, மீதி உதிர்ந்து சருகுக்குள் போனது.

சரியான நேரம் இரண்டுக்கும் நடுவில். ஜூன், ஜூலை மழையில் பூத்த சரம் முதிர ஆறிலிருந்து எட்டு மாதம் ஆகும். டிசம்பர் பாதியிலிருந்து வாரம் இருமுறை கொடியை அண்ணாந்து பாருங்கள். ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணி மஞ்சளோ சிவப்போ ஆகிவிட்டால் அந்தச் சரத்தை முழுதாக எடுக்கலாம். சந்தேகமென்றால் ஒரு பச்சை மணியை நகத்தால் கிள்ளுங்கள்: உள்ளே பால்போல் இளசாக இருந்தால் விட்டுவிடுங்கள், கெட்டியாக இருந்தால் முற்றிவிட்டது. ஒரே கொடியில் எல்லாம் ஒன்றாக முதிராது. நான் இரண்டு வார இடைவெளியில் மூன்று தடவை ஏணி வைக்கிறேன். சரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், காம்பைக் கிள்ளுங்கள். இழுத்தால் கிளையே கையோடு வந்துவிடும், அடுத்த வருடக் காய்ப்பும் அதோடு போயிற்று.

பறித்த சரங்களைச் சாக்கில் கட்டி ஒரு ராத்திரி வைத்தால் மறுநாள் மணிகள் லேசாக உதிரும். உதிர்த்ததைத் துளையுள்ள கூடையில் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். நிறம் ஒரே கறுப்பாக வரும், சீக்கிரமும் காயும். நல்ல வெயிலில் பாயில் பரப்பினால் நாலைந்து நாள். நம் ஊர் டிசம்பரை நம்ப முடியாது. மதியம் வானம் கறுத்தால் உடனே அள்ளுங்கள், ஒருமுறை நனைந்தால் பூசணம்தான். மூன்று கிலோ பச்சைக்கு ஒரு கிலோ காய்ந்தது தேறும்.

முழுக்கப் பழுத்துப்போன சரங்கள் எப்படியும் கொஞ்சம் மிஞ்சும். அவற்றை ஒரு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, தோலைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் வெள்ளை மிளகு. ஊறும் பாத்திரத்தை அடுக்களைப் பக்கம் மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்த நாற்றத்தில் மாமி இரண்டு நாள் சோறு சாப்பிடவில்லை.